பலூனில் ஏறிய எங்கள் செயற்கைக்கோள்

செயற்கைக்கோள் செய்யும் மாணவனுக்கு வானம் ஒரு தொந்தரவும் தராது; தொந்தரவெல்லாம் தரையில் இருப்பவர்களால்தான். கல்லூரியில் ஒரு கருவியைக் கேட்டு அலைந்தவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

எழுபதுகளின் நடுவில், பொறியியல் கடைசி வருஷத்தில், நானும் வகுப்புத் தோழன் ஜமாலும் டிபன் கேரியர் அளவில் ஒன்று செய்தோம். ராக்கெட்டுக்கு எங்கே போவது? வானிலை பலூனில் கட்டி அனுப்பி, மேலே இருக்கும் குளிரை அது 'பீப்' ஒலியாகச் சொல்கிறதா என்று பார்ப்பதுதான் திட்டம்.

அலமாரி அழகு

சிக்னலைச் சோதிக்கும் கருவி ஒன்று கல்லூரியில் இருந்தது, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல். மூன்று மாதம் நடந்து, முதல்வர் கையெழுத்தே வாங்கிப் போனோம். ஸ்டோர் கீப்பர் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"பசங்க தொட்டா கெட்டுப்பூடும்பா. இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரவங்களுக்கு அப்பறம் இன்னாத்தக் காட்றது?"

பாடாத ரேடியோ

கடைசியில் செங்கல்பட்டில் ஜமாலின் மாமா வைத்திருந்த ரேடியோ ரிப்பேர் கடையில்தான் எல்லாச் சோதனையும் நடந்தது. அங்கிருந்து திருவிடந்தை கடற்கரைக்குப் புறப்பட்டோம். வழியில் ஒரு போலீஸ்காரர் பெட்டியைப் பிடுங்கி, ரேடியோ லைசென்ஸ் கேட்டார். பலூன் விட வாங்கியிருந்த அனுமதிக் கடிதத்தை நீட்டினோம்; வாங்கவே இல்லை. ஆண்டெனாவை முறுக்கிப் பார்த்தார், ஒடிந்தது. இது பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை சார் என்று ஜமால் கெஞ்சினான்.

"பாடாத ரேடியோவ எதுக்குடா தூக்கிகினு அலையறீங்க?"

வாசலில் ஒருவர்

ஒருவழியாகப் பெட்டியைத் திருப்பித் தந்தார். மறுநாள் ஆண்டெனாவை ஒட்டவைத்துப் பறக்கவிட்டோம். முக்கால் மணி நேரம் 'பீப்' வந்தது. ஜமால் எண்ணிச் சொல்ல நான் எழுதினேன். பிறகு பலூன் வெடித்து, பெட்டி கடலில் விழுந்தது.

மூன்றாம் நாள் கல்லூரி வாசலில் உப்புப் படிந்த வேட்டியோடு ஒரு மீனவர் உட்கார்ந்திருந்தார். பெயர் துரைக்கண்ணு. மடியில் எங்கள் பெட்டி. காலையிலிருந்து வாட்ச்மேன் அவரை உள்ளே விடவில்லையாம். எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் நிதானமாகத்தான் பேசினார்.

"வலையில வந்துச்சு. மேல ஒட்டிகீற காலேஜ் பேர ஒருத்தர் படிச்சுச் சொன்னாரு. வாட்ச்மேன் குட்த்துட்டுப் போன்னு சொல்றான். உங்க பொருளு, உங்க கையிலதான் குடுப்பேன்னு குந்திகினேன்."

பலகை

கல்லூரிக் கண்காட்சியில் அந்தப் பெட்டிக்குத்தான் கூட்டம். மேலே இருந்த பலகையில், உருவாக்கியவர் என்று துறைத்தலைவர் பெயர் மட்டும். அவர் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. ஜமால் சாக்பீஸ் எடுத்து, கீழே எங்கள் இரண்டு பெயரையும் துரைக்கண்ணு பெயரையும் எழுதினான். தலைவர் வந்தார், கைக்குட்டையால் மூன்றையும் துடைத்தார்.

"இத்தனை பேர் இருந்தா என் பேர் எடுபடாதுப்பா."

மேலே எவ்வளவு குளிர் என்பதைப் பிசகாமல் சொல்ல ஒரு கருவி செய்துவிட்டோம். கீழே எங்களுக்கு ஏறிய சூட்டை அளக்கத்தான் இன்னும் ஒன்றும் அகப்படவில்லை.