தாய்மாமன் மடியும் ஹார்ட்கோர் பங்க்கும்

எங்கள் பேண்டில் ஆட்கள் மூன்று, கட்சிகள் நான்கு. பங்க் ராக் என்பதில் மட்டும்தான் ஒற்றுமை. கிதாரில் மூன்று கார்டு, தலைதெறிக்கிற வேகம், யார் மேலாவது ஒரு கோபம், அவ்வளவுதான் பங்க் என்று அம்மாவிடம் ஒருமுறை விளக்கினேன். "அதுக்கு நம்ம சர்ச் கொயரே போதுமே, அங்கயும் எல்லாருக்கும் எல்லார் மேலயும் கோவம்தான" என்றார். பழங்காநத்தத்து டீச்சர் வீட்டுப் பெண் நான். கிதார் பிடிக்கப் பழகியதே அந்தக் கொயரில்தான்.

ஆனால் எந்த பங்க் என்று கேட்டால் அடிதடி. எழுபதுகளில் ஒரே வீடாக இருந்தது, எண்பதுகளில் பாகம் பிரிந்து, தொண்ணூறுகளில் ஆளுக்கொரு தெருவில் குடியேறிவிட்டது. எங்கள் டிரம்ஸ்காரன் பேரையூர்ப் பக்கம் பருத்தி போடும் சம்சாரி வீட்டுப் பையன். அவனுக்கு ஹார்ட்கோர்தான் உயிர். பாட்டு ஆரம்பித்த கையோடு முடிந்துவிட வேண்டும். எனக்கு போஸ்ட் பங்க், நிதானமாக, இருட்டாக, யோசிக்க இடம் விட்டு. பேஸ் கிதார் வாசிப்பவன் காதலில் இருக்கும்போது பாப் பங்க், காதல் புட்டுக்கொண்டால் ஸ்கா பங்க், உடனே ட்ரம்பெட் வேண்டும் என்பான்.

சிம்மக்கல்லில் பேஸ்காரன் அப்பாவின் பிளாஸ்டிக் குடோன் மாடிதான் எங்கள் இடம். குடங்களுக்கும் வாளிகளுக்கும் நடுவே வாசிப்பது கொஞ்சம், வாதாடுவது மிச்சம்.

"ஏ பிள்ள, ஒரு பாட்டு இம்புட்டு நேரம் ஓடுனா அது பங்க் இல்ல, டிவி சீரியலு" என்பான் டிரம்ஸ்காரன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் வாதம் மேடை ஏறியது ஒரு காதுகுத்தில். டிரம்ஸ்காரனின் அக்கா பிள்ளைக்கு, பேரையூருக்குப் பக்கத்தில் குலதெய்வக் கோவிலில் மொட்டை, காதுகுத்து, கிடா விருந்து. சீருக்குச் செண்டை மேளம் பேசப் போன தன் அப்பாவை இவன் மறித்து, "எங்க பேண்டே வாசிக்கும்" என்று வாயை விட்டிருக்கிறான். அப்பா அந்த டிரம்ஸை ஒருநாளும் டிரம்ஸ் என்று சொன்னதில்லை, அண்டா என்றுதான் சொல்வார்.

"வாசிங்க. ஆனா சம்பந்தி வீட்டாளுக முன்னால என் மானம் போச்சுன்னு வையி, அந்த அண்டா பூராத்தையும் எடைக்குப் போட்டுட்டு வந்துருவேன்" என்றார். வெறும் மிரட்டல் இல்லை, செய்யக்கூடிய மனுஷன். டிரம்ஸ் போனால் பேண்டும் போச்சு.

குட்டியானை வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு போய், வேப்பமரத்தடிப் பந்தலில் வைத்துக் கட்டினோம். "அந்தப் பொண்ணா பாடப்போகுது?" என்று ஒரு பெண் கூட்டம் என்னைச் சுற்றி வந்து பார்த்தது. மொட்டைத் தலையில் சந்தனம் மினுங்க, பிள்ளை வந்தான். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "தாய்மாமன் யாருப்பா? வந்து மடியில வச்சுக்க. குத்தையில மேளம் சத்தமா இருக்கணும், பிள்ளை அழுகுறது கேக்கக் கூடாது."

டிரம்ஸ்காரன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அடப்பாவி! எந்த பங்க் என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட எங்களில் ஒருவருக்கும், மேளம் அடிக்க வேண்டியவனும் மடி கொடுக்க வேண்டியவனும் ஒரே ஆள் என்று உறைக்கவில்லை. மாமன் மடி இல்லாமல் காதுகுத்து கிடையாது. மேளம் இல்லாமலும் கிடையாது. சம்பந்தி வீட்டு வரிசையில் சிரிப்பு கிளம்பியது. அப்பா தோள் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்தார்.

டிரம்ஸ்காரன் பிள்ளையை வாங்கிக்கொண்டு நேரே போய் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்தான். "கைதான பிள்ளையப் பிடிச்சிருக்கு, காலு சும்மாத்தான கெடக்கு. ஆசாரி, நீங்க இங்கிட்டு வாங்க!"

"என்னமும் பண்ணித் தொலைங்க, பிள்ளையக் கீழ போட்றாத" என்றாள் அக்கா.

இரண்டு காலாலும் பெடலை மிதித்தான். பெரிய டிரம் நெஞ்சில் இடித்தது. எங்களிடம் இருந்ததிலேயே வேகமான பாட்டை நான் பிடித்தேன், என்னுடைய போஸ்ட் பங்க்கெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஊசி இறங்கியது. பிள்ளை வீறிட்டான். பக்கத்தில் இருந்த மைக் அதை ஊர் முழுக்கக் கொண்டு போனது. இத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியும் எனக்கு வராத சத்தம், ஐயோ, அவ்வளவு சுத்தமான பங்க்!

ஆசாரி தோட்டைத் திருகி முடிப்பதற்குள் பாட்டு முடிந்துவிட்டது. ஹார்ட்கோர் அல்லவா. அதிர்ச்சியில் பிள்ளையும் அழுகையை நிறுத்தினான். சம்பந்தி பக்கத்தில் ஒருவர் உரக்கவே சொன்னார்: "அம்புட்டுத்தானா? இதுக்கா செண்டை மேளத்த வேண்டாம்னீக?"

போச்சு, எடைக்குத்தான் என்று நினைத்தேன். அப்பா எழுந்தார். பந்தலையே ஒரு சுற்று முறைத்துவிட்டு மகனைப் பார்த்துக் கத்தினார்.

"டேய்! இன்னொரு காது இருக்குல்ல? அடிங்கடா!"

அடித்தோம். அதே பாட்டையே திரும்ப அடித்தோம். பிள்ளை சரியான இடத்தில் மறுபடி வீறிட்டான். விசில் பறந்தது. சம்பந்தி வீட்டு இளவட்டங்கள் ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு ஆடினார்கள். இதற்கு இங்கிலீஷில் ஒரு பேர் உண்டு, அது தெரியாமலேயே ஆடினார்கள். முடிந்ததும் இன்னொரு தடவை கேட்டார்கள். காது தீர்ந்துவிட்டது என்றான் பேஸ்காரன்.

கறிச்சோறு தின்றுவிட்டு வண்டியில் சாமான் ஏற்றினோம். பெரிய டிரம்மின் ஒரு பக்கத்தை அப்பாவே பிடித்துத் தூக்கினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து, டிரம் வண்டிப் பலகையில் உரசாமல் இருக்க இடுக்கில் செருகினார். பிறகு முன்னால் போய் டிரைவரிடம் சொன்னார்.

"பள்ளம் மேடு பாத்துப் போப்பா. உள்ள டிரம்ஸு இருக்கு."