ஜெயித்தவருக்கு ஏணி

"…ஜெயிச்சதும் நான்தாண்ணா. ஏணியில ஏறுறதும் நான்தான்!"

சொன்னவர் ஈஜிபுரா செல்வி. எனக்குப் பத்து வருஷமாகச் சட்டை தைக்கிற டெய்லர். போன வெள்ளிக்கிழமை, கையில் தீர்ப்பு நகலோடு, வீட்டுப் பின்பக்கம் சாய்த்திருக்கும் இரும்பு ஏணிக்கு அடியில் நின்று சொன்னார். இப்படி ஒரே போடாகப் போடுகிறவர் இருக்கும்போது நான் எதற்கு வாரா வாரம் ஒரு பக்கம் எழுதுகிறேன்?

விஷயம் சின்னது. மாடி செல்விக்கு; கீழ்வீடு சித்தப்பா மகன் பாபுவுக்கு; படிக்கட்டு இருவருக்கும் பொது. பத்திரத்திலேயே இருக்கிறது. பாபு ஒருநாள் படிக்கட்டுக்கு கிரில் போட்டுப் பூட்டிவிட்டார். செல்வி ஏணிக்கு மாறினார். அவர் கணவர் மணிக்கு முட்டி ஆபரேஷன் ஆன கால். ஏணி ஆகாது. ஆஸ்பத்திரி என்றால் நாலு பேர் நாற்காலியோடு கட்டி இறக்குவார்கள். மற்றபடி அவருக்கு உலகம் என்பது மாடி ஜன்னல்.

கேஸ் போட்டார். ஜெயித்தார். தெரு முழுக்க மைசூர்பாக். பாபு வீட்டுக்கும் ஒரு டப்பா — என்ன இருந்தாலும் தம்பியாச்சே!

அடுத்த வாரம் காலி டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வந்த பாபு சொன்னாராம்: "சூப்பர்க்கா, நெய் ஜாஸ்தி. அப்புறம்… மேல் கோர்ட்ல ஸ்டே வாங்கிட்டேன்."

கீழ் கோர்ட் தப்பு செய்தால் திருத்த மேல் கோர்ட். அதுவும் தப்பினால் டில்லி. நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. அந்தப் படி ஏறித்தான் எத்தனையோ அப்பாவிகள் தப்பித்திருக்கிறார்கள். ஆனால் கீழே ஒருவர் வருஷக்கணக்கில் சாட்சி கேட்டு எழுதியதை, மேலே ஒருவர் ஒரே காலையில் நிறுத்தி வைக்கலாமாம். நிறுத்தியது சரியா என்று பார்க்க? அதற்கு மட்டும் நாலு வருஷம்!

பார்த்துவிட்டு என்ன சொன்னார்கள்? "ஒரு சாட்சியைச் சரியாக விசாரிக்கவில்லை. திரும்பக் கீழேயே போங்கள்." பரமபதத்தில்கூடப் பாம்பு கடித்தால்தான் இறங்க வேண்டும். இங்கே ஏணியே இறக்கி விடுகிறது.

தோற்றவருக்கு மாடி மாடியாகப் படிக்கட்டு கட்டிக் கொடுத்த தேசம், ஜெயித்தவருக்கு என்ன கொடுத்தது? போய் ஈஜிபுராவில் பாருங்கள். துருப்பிடித்துச் சாய்ந்திருக்கிறது.

கீழ் கோர்ட்டில் மறுபடி விசாரணை. மறுபடி செல்விக்கே ஜெயம். அதற்குத்தான் வெள்ளிக்கிழமை நான் அரை கிலோ மைசூர்பாக்கோடு போய் நின்றேன்.

மாடி ஜன்னலில் மணியின் தலை. "என்னாச்சு செல்வி?"

"ஜெயிச்சுட்டோம்!"

"அப்ப இறங்கலாமா?"

"இருய்யா… அவன் இன்னும் மேல போவான்."

தலை உள்ளே போய்விட்டது.

செல்வி என் பக்கம் திரும்பினார். "போன தடவை ஸ்வீட் கடைக்குப் போன நேரத்துல வக்கீல்கிட்ட போயிருக்கணும்ணா. 'என்னைக் கேட்காம ஸ்டே கொடுக்காதீங்க'ன்னு முன்னாடியே மனு போட்டு வெக்கலாமாம். கேவியட்டாம். எவன் சொன்னான் எனக்கு? இந்தத் தடவை பாபுவுக்கு மைசூர்பாக் கிடையாது. அந்த மனுவோட நோட்டீஸ்தான், ரிஜிஸ்டர் போஸ்ட்ல!"

நான் அசடு வழிய டப்பாவை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். பிரிக்கவில்லை. ஏணியின் மூன்றாம் படியில் அதை வைத்து, தீர்ப்பு நகலுக்கு அடியில் தயாராக வைத்திருந்த கேவியட் பேப்பரை அதன் மேலே விரித்து, என் பாக்கெட்டிலிருந்த பேனாவை உருவிக் கையெழுத்துப் போட்டார்.