முத்தத்தி ஆற்றில் போன இரண்டு சாவிகள்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று நான் அழவில்லை. மூன்று வருஷம் கழித்து முத்தத்தியில், நனைந்த புடவையோடு ஆஞ்சநேயர் கோயில் வாசலில் உட்கார்ந்து அழுதேன். அதுவும் ஒரு கார் சாவிக்காக. நம் சனிக்கிழமை பஜனையில் இதை ஒருமுறை சொல்ல ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியையும் எழுதிக் கொடுங்கள் என்று நீங்கள் எல்லோரும் கேட்டதால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு தொம்மலூரில், பழைய ஊர்ப் பக்கம் ஒரு சந்தில் இருக்கிறது. அவர் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். ஆசைப்பட்டு ஒரு பழைய மாருதி கார் வாங்கினார். வாங்கிய மறு வருஷமே படுத்துவிட்டார். திங்களும் வியாழனும் டயாலிசிஸ். ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போய் வந்தால் வாந்தி எடுப்பார். அதனால் நான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். நாற்பது வயதுக்கு மேல், புடவை கட்டிக்கொண்டு. நான் ரிவர்ஸ் எடுத்தால் சந்தில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து தள்ளிப் போய்விடும்.

விடியுமுன் எழுந்து சமைப்பேன். மகள் பிரியாவுக்கு டப்பா கட்டுவேன். அவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து பின் சீட்டில் உட்கார வைப்பேன். திரும்பி வரும்போது அவர் அங்கேயே சுருண்டு படுத்திருப்பார். சிக்னலைப் பார்ப்பேன், கண்ணாடியில் அவர் மூச்சு விடுகிறாரா என்று பார்ப்பேன், மறுபடி சிக்னலைப் பார்ப்பேன். வீடு வந்ததும் இன்னொரு வேளைச் சமையல். சாமி விளக்கை ஏற்றிவிட்டு என்ன வேண்டுவது என்று தெரியாமல் நின்ற நாட்கள் உண்டு. களைப்பு அப்படி.

உதவி கேட்கலாமே என்பார்கள். கேட்பதற்கும் தெம்பு வேண்டும். எதிர் வீட்டு பாஷா பாய் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறவர். எப்போது பார்த்தாலும், "அக்கா, ஒரு வார்த்தை சொல்லுங்க, சாரை நான் கூட்டினு போறேன்" என்பார். "பரவால்ல பாய், நான் பாத்துக்கறேன்" என்பேன். அந்த வார்த்தை என் வாயிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

இனி சாவி விஷயம். காருக்கு இரண்டு சாவி. ஆயுத பூஜை அன்று அவர் இரண்டையும் சேர்த்து சாமி முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, மஞ்சள் கயிற்றால் ஒன்றாகக் கட்டிவிடுவார். அந்தக் கயிற்றை யாரும் அறுக்கக் கூடாது.

"ஒண்ணைப் பிரிச்சு வீட்ல வெச்சிருக்கலாமே" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"பூஜையில கட்டினது கமலா. அதுவா இத்து விழணும். நாம கை வெக்கக் கூடாது" என்றார்.

உடம்பு முடியாதவரிடம் என்ன வாதாடுவது? மாற்றுச் சாவி எங்கே என்று கேட்டால், அசல் சாவியோடுதான் இருக்கிறது என்று சொல்லும் வீடு எங்கள் வீடு.

1998, சித்திரை மாதம். பிரியாவுக்குப் பள்ளி விடுமுறை. தெருப் பிள்ளைகள் எல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒரு நாள் ஆற்றில் குளிக்க வேண்டும் என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவரும், "முத்தத்திக்குப் போலாம், சாமியையும் பாத்த மாதிரி இருக்கும்" என்றார். ஞாயிற்றுக்கிழமை புளிசோறு கட்டிக்கொண்டு கிளம்பினோம். கனகபுரா தாண்டி, சாத்தனூர் தாண்டி, காட்டு வழி. நான்தான் ஓட்டினேன்.

முத்தத்திக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே குரங்குகள் அதிகம். பையைப் பிடுங்கும், செருப்பைத் தூக்கும். ஆற்றில் இறங்குகிறவர்கள் சாவியை என்ன செய்வது என்று ஆளுக்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவர் கழுத்துச் சங்கிலியில் மாட்டியிருந்தார். ஒருவர் டயருக்கு மேலே ஒளித்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரரிடம் கொடுத்திருக்கலாம். மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தவர் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுவார், குரங்கு மடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விடும் என்று பயந்தேன். முந்தானையில் முடிந்து இடுப்பில் இறுக்கிச் செருகினேன். குரங்குக்குப் பயந்து ஆற்றிடம் கொண்டு போய்க் கொடுத்தேன்.

முழங்கால் தண்ணீரில்தான் நின்றோம். பாசி பிடித்த கல்லில் பிரியா வழுக்கினாள். ஒரு விநாடி தலை உள்ளே போனது. பாய்ந்து அவள் தலைமுடியைப் பிடித்தேன். அவள் என் முந்தானையைப் பிடித்தாள். இழுத்துக் கரையேற்றினேன். அவளுக்கு ஒன்றும் இல்லை. இருமினாள், அழுதாள், பிறகு பசிக்கிறது என்றாள். அப்போதுதான் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். முடிச்சு அவிழ்ந்து கிடந்தது.

பரிசல்காரர் ஒருவர் இரங்கி, நாலைந்து முறை மூழ்கிப் பார்த்தார். ஈரக் கையை விரித்து, "எல்லா மரளு அம்மா, சிக்கல்ல" என்றார். எல்லாம் மணல், கிடைக்காது. ஒரு சாவி இல்லை, இரண்டும் போய்விட்டது.

மரத்தடிக்கு வந்தால் இவர் படுக்க முடியாமல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். முகம் வீங்கியிருந்தது. பக்கத்தில் இரண்டு டம்ளர் காலியாக இருந்தது. அவருக்குத் தண்ணீர் அளவோடுதான். குடித்தது உடம்பை விட்டு வெளியே போகாது, நெஞ்சில் கட்டிக்கொள்ளும். வெயில் தாங்காமல், கோயிலில் கொடுத்த பானகத்தை வாங்கிக் குடித்திருக்கிறார்.

"தாகமா இருந்துச்சு கமலா" என்றார். சின்னப் பிள்ளை போல.

எனக்குக் கோபம் வரவில்லை. மறுநாள் காலை டயாலிசிஸ் வரை இவர் தாங்க மாட்டார் என்று மட்டும் தெரிந்தது. மத்தியான பஸ் போய்விட்டிருந்தது. அந்தக் காட்டில் ஃபோன் கிடையாது. கார் கண்ணெதிரே வெயிலில் நின்றது. அதற்குள் ஏறக்கூட முடியாது.

பிரியாவை அவரிடம் உட்கார வைத்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினேன். அந்த ஊரின் கதை உங்களுக்குத் தெரியும். சீதாதேவி குளிக்கும்போது மூக்குத்தி முத்து ஆற்றில் விழ, ஆஞ்சநேயர் வாலால் ஆற்றைக் கலக்கி எடுத்துக் கொடுத்தார் என்பார்கள். நான் அவர் முன்னால் நின்று சண்டை போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். தாயாருக்கு முத்து எடுத்துக் கொடுத்தாயே, எனக்கு ஒரு சாவி எடுத்துக் கொடுக்க முடியாதா என்று கேட்டேன். வாசலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகையோடு அழுகையாக என் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது. "என்னால முடியலப்பா. இனிமே யாராவது ஓட்டட்டும்." அதை நான் நினைத்துச் சொல்லவில்லை.

"இன்னாமா ஆச்சு?" என்று ஒரு குரல். என் வயதுப் பெண் ஒருத்தி குனிந்து நின்றாள். பெயர் லட்சுமி. திருவண்ணாமலைப் பக்கத்துக்காரி, ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சொந்தக்காரக் குடும்பங்கள் சேர்ந்து, ஒரு குழந்தைக்கு மொட்டை போட வேனில் வந்திருந்தார்கள். எப்போதும் போல் "பரவால்லம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். பார்த்துக்கொள்ள என்னிடம் எதுவும் மிச்சம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் ஒரு பெரிய மனுஷி மாதிரி எழுந்து போய்த் தன் ஆட்களைக் கூப்பிட்டாள். வேன் டிரைவர் முருகேசன் வந்து ஒரு கம்பியை வளைத்துக் கார் கதவைத் திறந்துவிட்டார். ஆனால் சாவி இல்லாமல் ஸ்டீயரிங் திரும்பவில்லை, பூட்டியிருந்தது. தலையை ஆட்டினார்.

"நான் வேன்ல இட்டுனு போறேன். நீங்கள்லாம் இன்னா பண்ணுவீங்க?" என்று லட்சுமியிடம் கேட்டார்.

"நாங்க எங்க போப்போறோம்? அடுப்புல சோறு வேகுது. நீ போய்ட்டு எப்ப வரியோ வா. லேட்டானா கோயில்ல படுத்துக்கறோம்" என்றாள்.

கைக்குழந்தைகளும் கிழவர்களும் இருந்தார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. புளிசோற்றை நாங்கள் அவசரத்தில் மறந்துவிட்டுக் கிளம்ப, அவர்கள் பிரியாவுக்கு இலையில் சூடாகச் சோறு மடித்துக் கொடுத்தார்கள்.

வேனில் நீளச் சீட்டு. அவரைச் சாய்த்து உட்கார வைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். முருகேசன் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டினார். சாத்தனூர் தாண்டும்போது என் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் விரல் எவ்வளவு மெலிந்துவிட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மூன்று வருஷம் அவரைச் சுமந்தேன், ஆனால் பக்கத்தில் உட்காரவில்லை. அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. நான் கேட்ட சாவி கிடைக்கவில்லை. நான் வாய் தவறிச் சொன்னது அப்படியே நடந்துகொண்டிருக்கிறது. யாரோ ஒருவர் ஓட்டுகிறார்.

இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரி சேர்ந்தோம். உடனே மெஷினில் போட்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். வெளியே வந்து பார்த்தபோது முருகேசன் போய்விட்டிருந்தார். பிறகு ஹெப்பகோடிக்கு இரண்டு முறை போய் விசாரித்தேன். எந்தத் தொழிற்சாலை என்று கேட்டு வைக்க எனக்குத் தோன்றவில்லை, அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆஞ்சநேயரே டிரைவராக வந்தார் என்று நம் பஜனையில் சிலர் சொல்கிறீர்கள். எனக்குத் தெரியாது. அவர் வழியெல்லாம் பீடி குடித்தார். ஆனால் அவரை அனுப்பியது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அன்றே பாஷா பாய்க்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் செய்தேன். மூன்று வருஷத்தில் நான் அவரிடம் கேட்ட முதல் உதவி. பூட்டு வேலை தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், புதுப் பூட்டு போட்டுக் காரைக் கொண்டுவந்தார். இரண்டு சாவியையும் என்னிடம் நீட்டினார். ஒன்றை எடுத்துக்கொண்டு, இன்னொன்றை அவர் கையிலேயே வைத்து மூடினேன்.

"இது உங்க வீட்லயே இருக்கட்டும் பாய். வியாழக்கிழமை நீங்க கூட்டினு போறீங்களா?"

"இதைக் கேக்க இவ்ளோ நாளாக்கா?" என்றார். அவ்வளவுதான். அந்த வருஷ ஆயுத பூஜையில் பாயிடமிருந்து சாவியை வாங்கி வந்து வைத்தோம். என் வீட்டுக்காரரே இரண்டுக்கும் தனித்தனியாக மஞ்சள் கயிறு கட்டினார்.

அதன் பிறகு ஆண்டவன் எங்களுக்கு இன்னும் மூன்று வருஷம் கொடுத்தான். களைப்பு போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அது அப்போதும் இருந்தது. ஆனால் திங்கட்கிழமை நான் ஓட்டினால் வியாழக்கிழமை பாய் ஓட்டுவார். தெருவில் வேறு இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். வியாழக்கிழமைகளில் நான் பின் சீட்டில் அவரோடு உட்கார்ந்து, பிரியாவின் பள்ளிக்கூடக் கதை சொல்லிக்கொண்டு போவேன்.

சோர்ந்து போயிருக்கிற சகோதரிகளே, ஆஞ்சநேயரிடம் அழகாகக் கேட்கத் தெரியவில்லையே என்று தயங்காதீர்கள். சண்டை போட்டாவது கேளுங்கள். எதைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவர் அனுப்புகிற ஆள் வாசலில் வந்து நிற்கும்போது, பரவாயில்லை என்று சொல்லித் திருப்பி மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

கடைசி முறை அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது ஒரு கார்த்திகை மாத விடியற்காலை. பாஷா பாய் தன்னிடமிருந்த சாவியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். நான் பின் சீட்டில் ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அல்சூர் ஏரி தாண்டும்போது கண்ணைத் திறந்தார்.

"நீ ஓட்டலையா?" என்றார்.

"இல்லங்க. பாய் ஓட்டறாரு. நான் இங்க இருக்கேன்" என்றேன்.

"நல்லது" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.