கஞ்சியைத் தொடாத நாகப்பூச்சி

சென்ற மழைக்காலத்தில் ஒரு காலை, கரமனையில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேலே சுவரில், நாகப்பூச்சி எனப்படும் பெரிய அந்துப்பூச்சி ஒன்று வந்து அமர்ந்திருந்தது. விரித்த இரு உள்ளங்கைகளின் அகலம் இருக்கும். செம்பழுப்புச் சிறகுகளில் கண்ணாடி போன்ற முக்கோணங்களும், நுனிகளில் பாம்புத் தலையின் சாயலும் இருந்தன. எண்பதைக் கடந்த என் தாயார் அதைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நான் சிறுவனாயிருந்தபோது பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருந்தோம். ஒருநாள் தந்தையார் தாயாரோடு சண்டையிட்டு, காலைக் கஞ்சியைத் தொடாமல் வேலைக்குச் சென்றார். அன்று மண் சரிந்து இறந்துபோனார். சில நாட்களில், காட்டு இலவங்க மரங்களிலிருந்து இத்தகைய பூச்சியொன்று எங்கள் வீட்டுச் சுவருக்கு வந்தது. இறந்தவர் பூச்சியாய் வீடு பார்க்க வருவார் என்பது லயத்தார் நம்பிக்கை. தாயார் அதன் முன்னே கஞ்சியும் சுட்ட கருவாடும் படைத்தார். பூச்சி அசையவில்லை.

"உயிரோட இருக்கச்சிலயே அண்ணன் உங்க கஞ்சிய நொட்டஞ் சொல்லுவாரு மதினி. இப்ப மட்டும் சமத்தாத் தின்னுருவாராக்கும்?" என்று தேற்றப் பார்த்தார் பக்கத்து வீட்டுத் தங்கம்.

"அதில்ல தங்கம். எம்மேல உள்ள கோவம் அவருக்கு இன்னும் மாறல்ல."

உண்ணாமலே அப்பூச்சி இறந்தது. தாயாரின் எண்ணமும் மாறவில்லை.

அண்மையில் அருங்காட்சியகத்தில் படித்தறிந்ததை இப்போது அவரிடம் சொன்னேன். "அம்மா, இந்தப் பூச்சிக்கு வாயே கெடையாது. புழுவா இருந்தப்பத் தின்ன எலைதான், சாகுற வரைக்கும் அதுக்கு ஆகாரம்."

தாயார் மெல்லத் திரும்பிச் சுவரை நெடுநேரம் பார்த்தார்.

"உங்கப்பா எங் கையால எத்தன வருசம் தின்னிருக்காரு," என்றார்.