பனங்கொட்டைகள் மூவர்

நிலாணிக்கு இரண்டாம் முறை மூக்கு உடைந்த மறுநாள் திங்கட்கிழமை. வழமைபோல ஆறரைக்கே ஸ்கூல் பஸ்ஸை எடுத்துக்கொண்டு ரூஜ் பக்கம் போனாள். இரண்டு கண்களுக்குக் கீழும் கத்தரிக்காய் நிறம். ஏறிய பிள்ளைகள் ஒவ்வொன்றாய் நின்று பார்த்துவிட்டுப் போயின. மூன்றாவது தரிப்பில் ஒரு தாய், மகனை ஏற்றிவிடும் சாக்கில் படியேறி வந்து அவள் கைக்குள் ஒரு சின்ன அட்டையைத் திணித்தாள். புருசனிடம் அடிவாங்கும் பெண்கள் அழைக்கவேண்டிய தொலைபேசி இலக்கம். நிலாணிக்குக் கல்யாணமே ஆகவில்லை. "தாங்க்ஸ் அக்கா" என்று வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்தாள். முந்நூறு பேர் விசிலடித்துப் பார்த்துக்கொண்டிருக்க ஒருவன் முழங்கையால் அடித்தான் என்றால் அந்த மனுசி எப்படி விளங்கிக்கொள்வாள்?

நிலாணி ஆறு வயதில் தாயோடு யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள். இருபத்துமூன்று வயதில், வெக்ஸ்போர்டில் ஒரு கார் திருத்துமிடத்துக்குப் பின்னால் இருந்த றெஸ்லிங் பயிற்சிக்கூடத்துக்குப் போகத் தொடங்கினாள். அங்கே ஏற்கெனவே இரண்டு தமிழர் இருந்தார்கள். ஒருவன் றொய்சன். அவளைவிட எட்டு வயது மூப்பு, ஆறடிக்கு மேல் உயரம், வீடு மாறுகிறவர்களின் சாமான் ஏற்றி இறக்கும் வேலை. மற்றவன் பிரியந்தன். அவள் வயதுக்காரன், விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறவன். மேடையின் மேல் கயிற்றில் ஏறிப் பின்பக்கமாய்க் கரணம் அடித்தானென்றால் பார்க்கிறவர்கள் வாய் மூடமாட்டார்கள்.

மூவரும் சேர்ந்து ஒரு அணி அமைத்தபோது பெயர் வைத்தது றொய்சன். "யாழ்ப்பாணத்தாரைப் பனங்கொட்டை சூப்பி எண்டு பழிக்கிறவங்கள்தானே? அவங்கள் கூப்பிட முதல் நாங்களே வைப்பம்." பனங்கொட்டைகள். அறிவிப்பாளர் அந்தப் பெயரில் தடக்கி விழும்போதே சனம் கூவத் தொடங்கிவிடும். அவர்கள் வில்லன்கள், கூவல்தான் அவர்களுக்குத் தேவை.

அந்தத் தொழிலில் யார் வெல்வது என்று உடுப்பு மாற்றும் அறையிலேயே பேசி முடித்துவிடுவார்கள். ஆனால் தரை பலகைதான், கதிரை இரும்புதான். ஒருவன் தன் கழுத்தை மற்றவன் கையில் கொடுக்கிறான். மற்றவன் அதைச் சேதமில்லாமல் திருப்பிக் கொடுக்கவேண்டும். அது நடக்கும் என்ற நம்பிக்கையில்தான் எல்லாரும் மேடை ஏறுகிறார்கள்.

அவர்களின் பரம எதிரிகள் ஹமில்ட்டனிலிருந்து வந்த ஐந்து வெள்ளைக்காரர். உருக்காலை வேலையாட்கள், 'உலைக்காரர்' என்று ஆங்கிலத்தில் பெயர் வைத்திருந்தார்கள். தலைவன் டெரிக், நாற்பத்தைந்து வயது, மொட்டைத்தலை முழுக்கத் தழும்பு. மூன்று வருடம் அந்த இரண்டு அணிகளும் ஒன்றையொன்று கிழித்தன. மார்க்கம் நகரத்தில் ஒரு விருந்து மண்டபத்தில், முதல்நாள் கல்யாணத்துக்குக் கட்டிய பூ வளைவு அப்படியே நிற்க, பிரியந்தன் மாடி விளிம்பிலிருந்து மூன்று பேர் மேல் பாய்ந்தான். றொய்சன் டெரிக்கை நாய்ச் சங்கிலியில் கட்டி இழுத்தான். டெரிக் நிலாணியைத் தூக்கி மேசையில் அறைந்ததில் மேசை இரண்டாய்ப் போனது. டெரிக்கின் நெற்றியில் முள்ளுக்கம்பி இழுத்து வழிந்த ரத்தம் முன்வரிசைக்காரரின் பொப்கோனுக்குள் விழுந்தது. இவ்வளவுக்குள்ளும் நிலாணியின் மூக்கு இரண்டாம் முறை உடைந்த அந்த ஒரு நாள்தான் டெரிக்கின் கணக்குத் தப்பியது. அன்றைக்கு அவன் ஐஸ் பையோடு அவளுக்குப் பக்கத்தில் ஒரு மணித்தியாலம் இருந்தான்.

2019 வைகாசியில் பிரியந்தனுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு பெரிய றெஸ்லிங் கம்பனி வேலைக்குக் கூப்பிட்டுக் கடிதம் அனுப்பியது. அவன் முதலில் நிலாணிக்குச் சொன்னான், பிறகு றொய்சனுக்கு. றொய்சன் அவனைக் கட்டிப்பிடித்து முதுகில் தட்டினான்.

போட்டிகளை நடத்திவந்த அமிர்தநாதர் ஒரு பிரியாவிடை ஒழுங்கு செய்தார். பேசி வைத்த கதைப்படி றொய்சன் பிரியந்தனுக்குத் துரோகம் செய்வான். கதிரையால் முதுகில் மூன்று அடி. நிலாணி றொய்சன் பக்கம் சேர்ந்து அவன் கையை உயர்த்துவாள். பனங்கொட்டைகள் உடையும், சனம் கொதிக்கும்.

ஞாயிறு பின்னேரம். பிரியந்தன் முழங்காலில் நின்றான். முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவதும் முதுகில்தான். மண்டபம் அதிர்ந்தது. மூன்றாவதுக்கு முன் றொய்சன் பிடியை மாற்றினான். தட்டையாய்ப் பிடித்திருந்த கதிரையை, விளிம்பு கீழே வரும்படி திருப்பினான். நாலடி தூரத்தில் நின்ற நிலாணி அதைக் கண்டாள். அடி தலையில் விழுந்தது. சத்தம் பெரிதாய் வரவில்லை; ஈரமாய் ஒரு மொத்தல். பிரியந்தன் முகம்குப்புற விழுந்தான். றொய்சன் விழுந்துகிடந்தவனின் பிடரியில் இன்னுமொரு அடி போட்டான். பிரியந்தனின் விரல்கள் விறைத்து உள்ளே மடங்கின. சனம் எழும்பி நின்று கூவியது. நிலாணி நடந்துபோய் றொய்சனின் கையைப் பிடித்து உயர்த்தினாள்.

மண்டையைத் திறந்து உறைந்த ரத்தத்தை எடுத்தார்கள். பதினொரு நாள் பிரியந்தன் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி நடைபாதையில் றொய்சன் தேம்பித் தேம்பி அழுதான். "அன்ரி, அவன் கடைசி நிமிசத்திலை திரும்பிட்டான். அடுத்த அடி முதுகிலை விழுமெண்டுதான் போட்டனான்" என்றான். பிரியந்தனின் தாய் மங்கையற்கரசி அவன் தலையைத் தன் தோளில் சாய்த்து, "அழாதை ராசா, நீ வேணுமெண்டே செய்தனீ?" என்று தேற்றினார். பக்கத்துக் கதிரையில் நிலாணி. அவள் வாய் திறக்கவில்லை.

பிரியந்தன் வீட்டுக்கு வந்தபோது இடதுகால் இழுபட்டது. வெளிச்சம் பட்டால் வாந்தி எடுத்தான். டெரிக்கும் உலைக்காரரும் ஹமில்ட்டனிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்தார்கள். றொய்சன் இரண்டு தரம் வந்தான்.

எட்டு மாதம் நிலாணி றொய்சனோடு ஒரே அணியில் நின்றாள். நாலாவது மாதம், யாருக்கும் சொல்லாமல் ஒரு ஜூடோப் பள்ளியில் சேர்ந்து ஒரேயொரு பூட்டை மட்டும் திரும்பத் திரும்பப் பழகினாள். எதிராளியின் கையைத் தொடைகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு மல்லாந்து, இடுப்பை உயர்த்தி முழங்கையை மறுபக்கம் வளைக்கிற பூட்டு.

அடுத்த தையில் அமிர்தநாதர் றொய்சனையும் நிலாணியையும் மோதவிட்டார். பன்னிரண்டாம் நிமிடம் நிலாணி தோற்கவேண்டும். ஐந்தாம் நிமிடம் றொய்சன் அவளைத் தரையில் எறிந்தான். அவள் அவன் வலக்கையை விடாமல் பிடித்தபடி விழுந்து, கால்களை அவன் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு மல்லாந்தாள். அவன் சனத்துக்காக முகத்தைச் சுளித்துக் காட்டினான். பிறகுதான் உணர்ந்தான்.

"நிலாணி, இறுக்காதை. உண்மையா நோகுது."

"தெரியும் அண்ணை."

"என்ன செய்யிறாய் நீ?"

"பிரியந்தன் அண்டைக்குத் திரும்பினவனோ?"

"ஓம், திரும்பினவன். நீயும் பாத்தனீதானே?"

அவள் இடுப்பை ஒரு அங்குலம் உயர்த்தினாள். றொய்சன் அலறினான். அவன் நன்றாய் நடிக்கிறான் என்று சனம் கைதட்டியது. நடுவருக்குத் தமிழ் தெரியாது. குனிந்து இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லுங்கோ அண்ணை."

"திரும்பேல்லை. தெரிஞ்சுதான் அடிச்சனான். அவன் போயிடுவான், நான் சாகுமட்டும் சோபா தூக்கிக்கொண்டு கிடக்கிறதோ? விடு பிள்ளை. சொல்லிட்டன்தானே." இடக்கையால் தரையில் தட்டினான். தோல்வியை ஒப்புக்கொள்ளும் தட்டு.

"சொல்லிட்டீங்கள்" என்றாள் நிலாணி. பிறகு இடுப்பை முழுதாய் உயர்த்தினாள். முழங்கை போகக்கூடாத பக்கம் போனது. இரண்டு தரம் முறியும் சத்தம் கேட்டது. முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

தான்தான் பிழையாய்த் திரும்பிவிட்டதாக றொய்சன் டாக்குத்தர்மாரிடம் சொன்னான். பொலிஸ் வரவில்லை. அந்தக் கை அதற்குப் பிறகு முழுதாய் நீளவில்லை. கொஞ்ச நாளில் அவன் கல்கரிக்குப் போய்விட்டதாகக் கதை.

டெரிக், பஸ் நிறுத்தும் வளவுக்கு அவளைத் தேடி வந்தான். நடந்ததை அவளே அவனுக்குச் சொல்லியிருந்தாள். "றொய்சன் செய்தது தெரிந்தபோது எனக்கும் அவனை உடைக்கவேண்டும் போல்தான் இருந்தது" என்றான் ஆங்கிலத்தில். "ஆனால் அவன் தட்டினான், நிலாணி. தட்டின பிறகு நீ உடைத்தாய். இனி உன் கையில் என் கழுத்தைத் தரமாட்டேன். என் ஆட்களையும் தரவிடமாட்டேன்." அவள் தலையாட்டினாள். வேறு எந்த அணியும் அவளோடு மேடை ஏறவில்லை. அதோடு அவளுடைய றெஸ்லிங் முடிந்தது.

பிரியந்தனிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். திரைச்சீலை இழுத்து மூடிய அறையில் அவன் கேட்டுக்கொண்டிருந்தான். வார்த்தைகள் அவனுக்கு இடைவெளி விட்டுத்தான் வரும்.

"எனக்காகச் செய்தனான் எண்டு சொல்லாதை. நான் கேட்டனானே?"

"இல்லை."

"நீ கண்டனீ. எட்டு மாசம் அவனோடை நிண்டனீ."

"ஓம்."

"அவன்ரை கை உடையேக்கை உனக்கு எப்பிடி இருந்தது?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். "நல்லாயிருந்தது" என்றாள்.

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். அடுத்த கிழமையும் வந்தாள். அதற்கடுத்த கிழமையும் வந்தாள். மூன்றாம் கிழமைதான் திரும்பிப் பார்த்தான்.

இன்றைக்கும் நிலாணி ஸ்கூல் பஸ்தான் ஓட்டுகிறாள். சனிக்கிழமைகளில் பிரியந்தனைக் காலுக்கான பயிற்சிக்கு ஏற்றிப்போகிறாள். இப்போது தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறான். அவள் ஆஸ்பத்திரியில் வாய்மூடி இருந்த கதை மங்கையற்கரசிக்கும் தெரியவந்துவிட்டது. மணி அடித்தால் அவர்தான் வந்து கதவைத் திறப்பார், விலகி வழிவிடுவார், மகனின் சப்பாத்தை எடுத்துக் கொடுப்பார். ஐந்து வருடத்தில் ஒருநாள்கூட, தேத்தண்ணி குடிக்கிறியோ என்று கேட்டதில்லை.