தெரியுதா?

இதை நம்பச் சொல்லி யார் காலிலும் நான் விழப்போவதில்லை. நடந்தது நடந்ததுதான். பாதியை என்னிடம் சொன்னவள் செக்கிங் அக்கா. மீதியை நானே என் காதால் கேட்டேன்.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தையல் கம்பெனியில் நாங்கள் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவோம். ஒரு நூல் பிசிறு இருந்தாலும் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து நம் மடியில் போடுவாள். சிரித்துக்கொண்டே போடுவாள், அதுதான் இன்னும் எரியும். அவளுக்கும் கற்பனைக்கும் ஏழாம் பொருத்தம். இருப்பதை இருக்கிறது என்பாள், இல்லாததை இல்லை என்பாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

நாங்கள் தைப்பது, ராத்திரியில் ரோட்டில் வேலை செய்கிறவர்கள் போட்டுக்கொள்ளும் கையில்லாச் சட்டை. தோளிலிருந்து இறங்கும் இரண்டு பட்டை, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டை. பகலில் பார்த்தால் வெறும் சாம்பல் நிறம். இருட்டில் வண்டி விளக்கு பட்டால் பளீரென்று வெள்ளையாக எரியும். அந்தப் பட்டைக்குச் சொந்தமாக வெளிச்சம் கிடையாது. மேலே விழுந்த வெளிச்சத்தை வந்த இடத்துக்கே திருப்பி அனுப்பும், அவ்வளவுதான்.

அதைச் சோதிப்பதற்கென்று ஓர் அறை. ஜன்னலில் கறுப்புத் துணி. ஒரு கோடியில் ஆணி. நான் சட்டையை ஆணியில் மாட்டுவேன். மறுகோடியில் அக்கா பழைய குண்டு பல்பு டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கண்ணோரம் பிடித்தால்தான் பட்டை எரிவது தெரியும். இடுப்பருகே பிடித்தால் மங்கிவிடும். பிடித்துப் பிடித்து அவள் வலது கன்னம் சாயங்காலத்துக்குள் சூடேறிக் கிடக்கும்.

"தெரியுதா?" என்று நான் கேட்பேன்.

"தெரியுது" என்பாள்.

அடுத்த சட்டை. இந்த இரண்டு வார்த்தையில்தான் எங்கள் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

இப்படி ஊருக்கெல்லாம் வெளிச்சம் தைத்து அனுப்புகிறவளின் சைக்கிளில் விளக்கு இல்லை. மழையில் ஒருநாள் சறுக்கி விழுந்ததில் டைனமோ நசுங்கிவிட்டது. "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்றார் அவள் வீட்டுக்காரர். அந்த ஞாயிறு மட்டும் காலண்டரில் வரவே இல்லை. பின் மட்கார்டில் இருந்த சிவப்புக் கண்ணாடியும் எங்கோ விழுந்து தொலைந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்து பேசிவிட்டுப் போனதிலிருந்து, அவள் மகள் தினமும் வாசலில் நின்று மறிப்பாளாம்.

"லைட் இல்லாம போகாதம்மா. எதிர்ல வர்றவங்களுக்கு நீ தெரிய மாட்ட."

"பின்னாடியே ஒரு அத்தை லைட்டோட வர்றாங்கடி" என்று என்னைக் காட்டிச் சமாளிப்பாள். அதுவும் பொய்யில்லை. ஷிப்ட் முடிந்து தினமும் என் விளக்கு வெளிச்சத்தில்தான் அவள் வீடு போய்ச் சேருவாள்.

அன்றைக்குச் சோதனைக்கு வந்தது புது ரோல் பட்டையில் தைத்த சரக்கு. முதல் சட்டையை மாட்டினேன். "தெரியுதா?" என்றேன். அக்கா டார்ச்சைத் தட்டிப் பார்த்தாள். ஓரடி முன்னால் வந்து பார்த்தாள்.

"தெரியல."

அடுத்ததை மாட்டினேன். தெரியல. அதற்கடுத்ததும் அப்படித்தான். அடுப்புச் சாம்பலைப் பூசின மாதிரி செத்துக் கிடந்தது பட்டை. கடைசிச் சட்டை வரைக்கும் அதே பதில்தான்.

சூப்பர்வைசர் வந்தார். ட்யூப் லைட்டுக்குக் கீழே ஒரு சட்டையை விரித்துப் பிடித்தார்.

"நல்லாத்தானே இருக்கு. கையெழுத்தப் போடுங்க."

"இருட்டுல போடற சட்டை சார் இது."

"போன வாரம் இதே ரோல்ல ஒரு பெட்டி போயிருக்கு. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல."

போன வாரம் மகளுக்குக் காய்ச்சல் என்று அக்கா லீவில் இருந்தாள். அந்தப் பெட்டியை அவள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

"காலையில லாரி வரும்" என்றார் அவர். "அதுக்குள்ள கையெழுத்து இருக்கணும். இல்லன்னா நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம். செக்கிங்குக்கு நான் வேற ஆள் பாத்துக்கறேன்."

இந்த வழக்கு முடியும் வழியைக் காணோம். என் மாமியாருக்கு மருந்து வாங்க வேண்டியிருந்தது. அக்காதான் என்னைப் போகச் சொன்னாள். நான் விளக்கைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அவள் கேட்டைத் தாண்டும்போது மணி பத்து நாற்பது. கையெழுத்துப் போடவில்லை. ஆனால் மனதுக்குள் பாதி போட்டுவிட்டாள், அதையும் அவளே சொன்னாள். ஊரில் எவனெவனோ என்னென்னவோ செய்கிறான், நான் ஒருத்தி ஒழுங்காக இருந்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தபடியே பெடலை மிதித்தாளாம். வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான் அப்போது. வீட்டுக்காரருக்கு வேலை போய் நாளாகியிருந்தது.

கேட்டிலிருந்து கால்வாய்ப் பாலம் வரை ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். விளக்குக் கம்பங்களைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் ஜல்லிக் குவியல், மறுபக்கம் தார் டிரம்கள். நிலா இல்லை. கண்ணை மூடினாலும் திறந்தாலும் ஒன்றுதான்.

டயர் சத்தத்தை வைத்துத்தான் ஓட்டினாள். தார் என்றால் சத்தம் இருக்காது. ஜல்லி என்றால் கரகரவென்று கேட்கும். கேட்டதும் கைப்பிடியை உள்ளே திருப்புவாள். ஒருமுறை டிரம் ஒன்று முழங்கையை உரசிக்கொண்டு போனது. மணியை விடாமல் அடித்துக்கொண்டே போனாள். கிணிங்... கிணிங்...

அப்போதுதான் தூரத்தில் அதைப் பார்த்தாள்.

தோளிலிருந்து இரண்டு பட்டை. இடுப்பில் ஒரு பட்டை. வெள்ளையாக, பளீரென்று.

போன உயிர் திரும்பி வந்தது. யாரோ ரோட்டு வேலைக்காரர். நம்ம சரக்குதான் என்று சிரிப்புகூட வந்ததாம்.

பத்து மிதி மிதித்திருப்பாள். சிரிப்பு நின்றுவிட்டது.

எந்த வெளிச்சத்தில் எரிகிறது அது?

திரும்பிப் பார்த்தாள். பின்னால் வண்டி இல்லை. முன்னாலும் இல்லை. அவள் சைக்கிளில் விளக்கு இல்லை.

மணி அடிப்பதை நிறுத்தினாள்.

மிதித்தாள். பட்டை கிட்டே வரவில்லை. வேகமாக மிதித்தாள். அதே தூரத்தில் நின்றது. மிதிப்பதை விட்டாள். சக்கரம் மட்டும் ஓடியது. டிக்... டிக்... டிக்...

சைக்கிள் நின்றது.

இப்போது பட்டை கிட்டே வந்தது.

நடக்கிற ஆளின் சட்டை கொஞ்சமாவது மேலும் கீழும் ஆடும். இது ஆடவில்லை. பட்டைக்கு மேலே தலை இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. கீழே கால் இருக்க வேண்டிய இடத்திலும் இருட்டு.

பயத்திலும் அவள் கண் தன் வேலையைச் செய்தது. இடது தோள் பட்டை நேராக இறங்கவில்லை. கோணிக்கொண்டு வந்து இடுப்புப் பட்டையைத் தொட்டது. கோணல் தையல்.

இதை நான் பாஸ் பண்ணியிருக்க மாட்டேனே...

போன வாரத்துப் பெட்டி.

அந்த ரோல் எரியாதே.

வலது கன்னத்தில் ஏதோ சுட்டது.

இளஞ்சூடு. அவளுக்கு நன்றாகப் பழகின சூடு. டார்ச் பல்பின் சூடு.

வெளிச்சம் வந்த இடத்துக்கே திரும்பும். பட்டை அவள் கண்ணுக்கு இவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்றால், வெளிச்சம் பிடிக்கிறவர் அவள் கண்ணோரம் நிற்கிறார்.

அவள் திரும்பவில்லை.

பக்கத்தில் யாரோ மிதித்த ஜல்லி... சரக்.

காதருகே ஒரு ஆண் குரல். தணிந்த குரல்.

"தெரியுதா?"

அவள் வாய் பழக்கத்தில் பதில் சொல்லிவிட்டது.

"தெரியுது."

பட்டை அணைந்தது.

இருட்டு...

பின்னால் ஒரு லாரி. தூரத்தில் முதலில் சத்தம் வந்தது, பிறகு வெளிச்சம் வந்தது. இரண்டு பெரிய விளக்கும் முழுசாக எரிய, ரோடு முழுவதும் பகலாகிவிட்டது.

முன்னால் ஒரு ஆள் நின்றார். தலை இருந்தது. கால் இருந்தது. கையில் மண்வெட்டி. முதுகு காட்டி நின்றார். லாரி விளக்கு நேராக அவர் முதுகில் விழுந்தது.

பட்டை எரியவில்லை.

வெறும் சாம்பல்.

லாரி பிரேக் போடவில்லை. அவளுக்கும் போடவில்லை. காற்று அறைந்தது. சைக்கிளோடு அவளைத் தூக்கி ஜல்லியில் போட்டது. அவர் நின்ற இடத்தின் வழியாக லாரி போனது. மோதின சத்தம் இல்லை. கத்தின சத்தம் இல்லை. பின்விளக்கு சின்னதாகிப் பாலத்தில் மறைந்தது.

மறுபடி இருட்டு.

கன்னத்தில் மறுபடி அந்தச் சூடு.

"தெரியலல்ல?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். எப்படி வீடு சேர்ந்தாள் என்று அவளுக்கு நினைவில்லை. வீட்டுக்காரர் அவள் முழங்காலில் இருந்து ஜல்லித் துணுக்குகளை ஒவ்வொன்றாக எடுத்தார். லாரி உரசிவிட்டது என்று மட்டும் சொன்னாள். விடிந்தும் விடியாததுமாகத் தெரிந்தவர் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு பழைய விளக்கும் டைனமோவும் வாங்கிவந்து மாட்டினார். ஞாயிறுக்குக் காத்திருக்கவில்லை.

காலையில் அவள் அதே வழியில்தான் வந்தாள். ஜல்லிக் குவியலருகே ரோட்டு வேலைக்காரர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சைக்கிளை நிறுத்தினாள்.

"நேத்து ராத்திரி இங்க யாருண்ணே டூட்டி?"

மேஸ்திரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "யாருமில்லம்மா. ராத்திரி வேலையையே நிறுத்திட்டாங்க. நாலு நாளைக்கு முன்னாடி ஒருத்தன் போயிட்டான்ல, இதே இடத்துல. லாரிக்காரன் ரெண்டு லைட்டும் போட்டுட்டுத்தான் வந்திருக்கான். ஆள் நின்னதே தெரியலன்னு அழுவுறான்."

மேஸ்திரி டீயை ஒரு வாய் உறிஞ்சிவிட்டுத் தொடர்ந்தார்.

"புதுச் சட்டை. அன்னிக்குத்தான் பெட்டியப் பிரிச்சோம். பட்டை கோணலா இருக்குன்னு கேலி பண்ணிட்டே போட்டுக்கிட்டான்" என்றார். பிறகு அவள் சைக்கிளைப் பார்த்தார். "லைட் எரியுதாம்மா? எரியலன்னா இந்தப் பக்கம் வராத."

அக்கா எனக்கு இதெல்லாம் சொன்னது சோதனை அறை வாசலில் நின்றுதான். சொல்லி முடிப்பதற்கும் சூப்பர்வைசர் வருவதற்கும் சரியாக இருந்தது. வெளியே லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"கையெழுத்து?"

"போட மாட்டேன் சார். போன வாரத்துப் பெட்டியில ஒரு சட்டையப் போட்டுக்கிட்டவர் செத்துட்டார்."

அவர் முகம் ஒரு கணம் மாறியது. உடனே சமாளித்துக்கொண்டார். "ரோட்டுல நின்னா அடிபடத்தான் செய்வாங்க. அதுக்குப் பட்டை என்ன பண்ணும்? குடுங்க, நானே பாத்துக் கையெழுத்துப் போட்டுக்கறேன்."

ஒரு சட்டையையும் டார்ச்சையும் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனார். "யாரும் வர வேண்டாம்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நாங்கள் வெளியே நின்றோம்.

ஆணியில் சட்டை மாட்டும் சத்தம். டார்ச் 'டக்' என்றது.

பிறகு அவர் குரல்.

"தெரியுது."

எங்களுக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அதான் தெரியுதுன்னேனே..." குரல் எரிச்சலாக வந்தது. "யாருப்பா அது?"

சத்தமில்லை.

டார்ச் தரையில் விழுந்து உருண்டது.

சத்தமில்லை...

"தெரியல" என்றார். சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி இருந்தது. "தெரியல... தெரியல..."

கதவு திறந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. வலது கன்னத்தைக் கையால் பொத்திக்கொண்டு நேராக லாரிக்காரரிடம் போனார். சரக்கு இல்லை என்று திருப்பி அனுப்பினார். முந்தின பெட்டி போன இடத்துக்கு அன்றைக்கே ஆள் அனுப்பி மிச்சச் சட்டைகளைத் திரும்ப வாங்கினார். உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை ஒருவரிடமும் அவர் சொன்னதில்லை. அக்கா அதே செக்கிங் வேலையில்தான் இருக்கிறாள். இப்போது அவள் விளக்கும் என் விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் வீடு போகின்றன.

அந்த அறைக்கு ஒரே கதவு. அதன் முன்னால் நின்றவர்கள் நாங்கள் இரண்டு பேர். "தெரியுதா" என்று கேட்பது என் வேலை. அன்றைக்கு நான் வாயே திறக்கவில்லை.