மூன்றாம் எண் கணினியின் ராசி

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். சென்ற வாரம் அடையாற்றில் என் மகன் வீட்டில், அவனுடைய மடிக்கணினியில் என் மின்னஞ்சலைத் திறக்க முயன்றேன். கடவுச்சொல் தவறு என்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மீண்டும் அடித்தேன். தவறு என்றது. மூன்றாம் முறை, ஊசியில் நூல் கோப்பவனைப் போல ஒவ்வொரு விசையாகப் பார்த்துப் பார்த்து அடித்தேன். அதே பதில். எழுபதை நெருங்குகிறவனுக்கு இத்தகைய வேளைகளில் தன் நினைவாற்றலின் மீதுதான் முதல் சந்தேகம் எழும். நல்லவேளையாகச் சமையலறையிலிருந்து மருமகளின் குரல் வந்தது.

"மாமா, நாளைக்குத் தண்ணி வராதுன்னு நம்ம ஃபிளாட்டுக்கு நோட்டீஸ் தமிழ்ல அடிச்சேன். மாத்தாம விட்டுட்டேன் போல. கீழ ஓரத்துல பாருங்க."

பார்த்தேன். திரையின் கீழ் மூலையில் எறும்பளவில் ஒரு தமிழெழுத்து உட்கார்ந்திருந்தது. ஜன்னல் படம் போட்ட விசையையும் இடைவெளி விசையையும் சேர்த்து அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன். ஆங்கிலம் வந்தது, அஞ்சலும் திறந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். "இதுல சிரிக்க என்னப்பா இருக்கு?" என்றான் மகன். சொல்லத் தொடங்குவதற்குள் அவனுக்குத் தொலைபேசி வந்துவிட்டது. ஆகவே தங்களிடம் சொல்கிறேன்.

கண்ணாடி துடைத்த துணி அப்போது என் மடியில் கிடந்தது. துடைக்கும் துணியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மண்ணெண்ணெயும் இயந்திர எண்ணெயும் கலந்த ஒரு மணம் தோன்றும். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் பத்தொன்பது ஆண்டுகள் லேத்து ஓட்டியவன் நான். அங்கே கை துடைக்க, பனியன் வேஸ்ட் என்று கழிவுத் துணியை மூட்டையாக வாங்கிப் போட்டிருப்பார்கள். ஓர் இயந்திரத்தை அடுத்தவரிடம் ஒப்படைக்கும்போது நம் கைபட்ட இடத்தைத் துடைத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். அங்கே அது சட்டம் அன்று, மரியாதை. பட்டறை மூடப்பட்ட பிறகும் அந்தப் பழக்கம் என் கையை விட்டுப் போகவில்லை. இந்தக் கதையில் வரும் குற்றமெல்லாம் அந்தப் பழக்கத்தினுடையது என்பதைத் தாங்கள் போகப்போக அறிவீர்கள்.

பட்டறை மூடியபின் என்னை வேலைக்கு அழைத்தவர் தியாகராய நகரில் துணிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி. அவர் கடையில் துணி மாட்டும் கம்பிகளெல்லாம் எங்கள் பட்டறையில் செய்தவை. மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்புறத்துச் சந்து ஒன்றில் அவர் இணைய மையம் ஒன்றைத் திறந்தார். பிரவுசிங் சென்டர் என்றால்தான் அன்று யாருக்கும் புரியும். எட்டாம் வகுப்போடு நின்றவன், மற்றதையெல்லாம் வாடகை நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன், கணினியைத் தொட்டதுகூட இல்லை என்று பணிவோடு தெரிவித்தேன்.

"கம்ப்யூட்டரும் மெசினுதானவே," என்றார் அண்ணாச்சி. "லேத்தையே கட்டி மேச்ச மனுசன், இந்த டப்பாவ மேய்க்க மாட்டீராக்கும்?"

மேய்த்தேன். ஆறு கணினிகள், மரப்பலகைத் தடுப்புகள், ஈரக் கம்பளத்தின் வாடையைச் சுமந்து வரும் குளிர்காற்று, கதவு திறக்கும்போதெல்லாம் பக்கத்துக் கடையிலிருந்து நுழையும் காப்பிக்கொட்டை வறுபடும் மணம். காலையில் மின்சாரம் கொடுப்பதற்கு முன் ஆறு விசைப்பலகைகளையும் துடைப்பேன். ஆயுத பூஜைக்குத் திரைகளின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பழுது என்று யார் சொன்னாலும் என்னிடம் ஒரே மருந்து: அணைத்துவிட்டு மீண்டும் போடுவது. பத்தில் ஒன்பது நோய்கள் அதற்குக் கட்டுப்பட்டன. என் புகழ் சந்து முழுவதும் பரவியிருந்தது என்றால் தாங்கள் நம்ப வேண்டும்.

மூன்றாம் எண் கணினிக்கு மட்டும் ஓர் உரிமையாளர் இருந்தார். விசாலம் மாமி. தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். நாள்தோறும் பத்து மணிக்கு வந்து, பதினொன்று வரை, முகம் தெரியாத மனிதர்களோடு தமிழில் வாதம் செய்வார். வற்றல் குழம்பில் பூண்டு சேர்க்கலாமா என்ற ஒரு பொருளில் மட்டும் அவர் ஏழு வாரங்கள் எழுதியதை நான் அறிவேன். அதற்காகத் தமிழ் எழுதும் நிரல் ஒன்றை ஒரு குறுந்தகட்டில் கொண்டுவந்து, மூன்றாம் எண்ணில் மட்டும் அவரே ஏற்றிக்கொண்டார். மேல்வரிசையில் ஏதோ ஒரு விசையைத் தட்டுவார், தமிழ் வரும். அது அவருடைய வித்தை என்று நான் அதில் தலையிடவில்லை. அவர் எழுந்துபோன பின் உட்காருகிறவர்கள் "இதுல எழுத்து ஏதோ மாதிரி வருது" என்பார்கள். அணைத்துப் போடுவேன். சரியாகிவிடும்.

மகேஸ்வரி வந்தது அந்த நாட்களில்தான். அடையாற்றின் கரையோரக் குடியிருப்பிலிருந்து வருகிறவள், இருபத்திரண்டு வயதிருக்கும். நோயாளிகளைப் பராமரிக்கும் ஓராண்டுப் படிப்பை முடித்துவிட்டு, மந்தைவெளியில் படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவரைக் காலை நேரங்களில் கவனித்துக்கொண்டிருந்தாள். மருத்துவமனைகளில் விண்ணப்பம் கொடுத்தால் மின்னஞ்சல் முகவரி கேட்டார்கள். ஒரு விடுமுறை நாளில், நான் கடை திறந்த வேளையில் வந்து நின்றாள்.

"சார், மெயில் ஐடி ஒண்ணு போட்டுக் குடு சார். அது இல்லாங்காட்டி வாசல்லயே நிக்கவச்சுடறாங்க."

மூன்றாம் எண்ணில் உட்கார வைத்து, பெயர், ஊர் யாவற்றையும் நானே ஆங்கிலத்தில் நிரப்பினேன். கடவுச்சொல்லுக்கான கட்டம் வந்ததும், அது அவளுடைய சொந்த விஷயம் என்று விளக்கி, என் கைபட்ட விசைப்பலகையைத் துணியால் நன்றாக ஒருமுறை துடைத்து, அவள் முன் நகர்த்தி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். இருமுறை அடித்தாள். கட்டத்தில் புள்ளிகள் மட்டுமே தெரியும் அல்லவா. முகவரி உருவாயிற்று.

அவள் எதையும் எழுத வருவதில்லை. மருத்துவமனைகளிலிருந்து பதில் வந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும், வாரத்தில் இரண்டு நாள், மந்தைவெளி வேலை முடிந்து பதினொன்றேகாலுக்கு வருவாள். பெயர்க் கட்டத்தைச் சொடுக்கினால் பழைய பெயர்கள் பட்டியலாக இறங்கும். தன் பெயரைத் தொட்டுவிட்டுக் கடவுச்சொல்லை அடிப்பாள். மூன்றாம் எண்ணில் திறக்கும். அது காலியில்லாத நாளில் இரண்டிலோ ஐந்திலோ உட்கார்ந்தால் திறக்காது. வேறு மையங்களிலும் முயன்று பார்த்திருக்கிறாள். திறக்கவில்லை.

"மத்த பொட்டியெல்லாம் தப்பு தப்புன்னே சொல்லிக்கினு கீது சார். இது ஒண்ணுதான் நம்மள மதிக்குது."

எனக்கு இதில் வியப்பு ஏற்படவில்லை. பட்டறையில் எட்டு லேத்துகள் இருந்தன. என் கைக்கு ஒன்றுதான் அமைந்தது. சில இயந்திரங்கள் சிலருக்கு ராசி. அதை அவளிடம் விரிவாகவே எடுத்துரைத்தேன். அதன்பின் மூன்றாம் எண்ணில் உட்காருமுன் அவள் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தொடங்கினாள். மூன்று மாதங்கள் இப்படிப் போயின. வந்த பதில்கள் எல்லாம் இடமில்லை என்றே இருந்தன.

பிறகு ஒரு புதன்கிழமை ஓடிவந்தாள். அடையாற்றில் ஒரு மருத்துவமனையிலிருந்து பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்திருந்தார்கள். நேர்காணல் நாளைக் காலை பத்து மணிக்கு. அழைப்புக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறோம், அதன் அச்சுப்படி இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். மூன்றாம் எண்ணில் உட்கார்ந்தாள். திரையைத் தொட்டுக் கும்பிட்டாள். அடித்தாள்.

தவறு என்றது.

அணைத்துப் போட்டேன். தவறு. ஆறு கணினிகளிலும் அடித்துப் பார்த்தாள். ஊதுவத்திகூட ஏற்றினேன். "அவ்ளோதானா சார்?" என்று மட்டும் கேட்டாள். அழவில்லை. துப்பட்டாவின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

நான் உட்கார்ந்து யோசித்தேன். பட்டறையில் ஒரு பொருள் தவறாக வந்தால், முன்பு சரியாக வந்தபோது இருந்து இப்போது இல்லாதது எது என்று பார்ப்போம். இப்போது இல்லாதது விசாலம் மாமி. கால் பிசகி, மூன்று நாட்களாக அவர் வரவில்லை. மகேஸ்வரிக்குத் திறந்த நாட்களிலெல்லாம் அவளுக்கு முன் மாமி அந்த இருக்கையில் இருந்திருக்கிறார். விடை எனக்குப் பளிச்சென்று விளங்கிற்று. ராசி கணினிக்கு இல்லை. மாமியின் கைக்குத்தான்.

தாங்கள் சிரிப்பது தெரிகிறது. ஆனால் நான் பார்த்த உண்மைகள் அத்தனையும் சரி. முடிவு மட்டுமே கொஞ்சம் விலகிவிட்டது.

மாமியின் வீடு தெப்பக்குளத்துக்கு எதிரே இரண்டாம் மாடியில். மின்தூக்கி கிடையாது. கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டு இருவரும் போனோம். காலை நீட்டி உட்கார்ந்திருந்த மாமியிடம், தாங்கள் வந்து ஒரு முறை தொட்டுக் கொடுத்தால் போதும் என்று விண்ணப்பித்தேன்.

"ஏன் ஸார், நான் என்ன உற்சவ மூர்த்தியா, தூக்கிண்டு போய்க் காட்டறதுக்கு? கால் பூசணிக்காயாட்டம் வீங்கிண்டு இருக்கு."

"நாளைக்கு இண்டர்வியூ மாமி," என்றாள் மகேஸ்வரி. அவ்வளவுதான் சொன்னாள்.

மாமி அவளை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கைத்தடிக்குக் கை நீட்டினார். படிக்கட்டில் நல்ல காலை முன்னே வைக்கப் போனவரை மகேஸ்வரி தடுத்தாள். அதுவரை தணிந்தே இருந்த குரல் அங்கே மாறிவிட்டது.

"எறங்கும்போது வீங்குன கால்தான் முதல்ல மாமி. வெயிட்ட நல்ல கால்ல போடுங்க. என் தோள புடிங்க, கழுத்தப் புடிக்காதீங்க. ஆங், அப்டித்தான். அவசரமில்ல."

முப்பத்திரண்டு படிகள். மாமி ஒருமுறைகூட முகம் சுளிக்கவில்லை. கீழே வந்து ஆட்டோவில் ஏறியதும் சொன்னார்: "உனக்கு வேலை குடுக்கலேன்னா அவா பைத்தியக்காரா."

மூன்றாம் எண்ணில் மாமி அமர்ந்தார். வழக்கம்போல மேல்வரிசை விசையைத் தட்டினார். "பூண்டு கூடாது" என்று ஒரு வரி அடித்துவிட்டு எழுந்தார். மகேஸ்வரி உட்கார்ந்தாள். புள்ளிகள் விழுந்தன. திறந்தது. இரண்டு நாட்களாகக் காத்திருந்த கடிதம் அங்கே இருந்தது.

"பார்த்தீர்களா, கைராசி," என்றேன் நான், கம்பீரமாக.

மாமி என்னைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான இணைப்புகளைச் செருகியும் பிடுங்கியும் பழகிய மூளை அல்லவா. கடிதத்தை அச்சிட்டபின், கணக்கை மூடச் சொல்லி, மேல்வரிசை விசையைத் தட்டிவிட்டு, "இப்ப அடி," என்றார். தவறு என்றது. மறுபடி தட்டினார். "இப்ப?" திறந்தது.

"கையும் இல்ல, ராசியும் இல்ல. நான் தமிழ்ல விட்டுட்டுப் போறேன். இவ அதுலயே அடிச்சுண்டிருக்கா. புள்ளி எல்லா பாஷைக்கும் ஒண்ணுதானே, தெரியல. ஆமா, மொத மொதல்ல போட்டபோதே தமிழ்ல எப்படி விழுந்தது? அன்னிக்கு நான் முன்னாடி வந்திருந்தேனா?"

"இல்ல மாமி, நான்தான் ஃபர்ஸ்ட்டு. சார்தான் எல்லாம் அடிச்சாரு. அப்பால நல்லா தொடச்சு..."

அவள் பேச்சை நிறுத்தினாள். இருவரும் என் கையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். துணி இருந்தது. அன்று மேல்வரிசை விசையைத் தட்டியதும் அதுதான்.

"மூணு மாசமா என்ன சுத்தவுட்டது நீதானா சார்?"

அன்று நாங்கள் மூவரும் சிரித்த சிரிப்பில் காப்பிக்கொட்டைக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்ததும் நான் முறையாக மன்னிப்புக் கோரினேன். இனி ஆங்கிலத்திலேயே கடவுச்சொல்லை மாற்றி வைத்துவிடலாம் என்றேன். அவள் தலையசைத்து மறுத்தாள்.

"வேணாம் சார். இந்தப் பூட்ட எவனும் தொறக்க முடியாது. இருக்கட்டும்."

வேலை கிடைத்தது. அதன்பின் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். உட்கார்ந்ததும் மேல்வரிசை விசையைத் தானே தட்டுவாள். பழக்கத்தால் திரையைத் தொட்டுக் கண்ணிலும் ஒற்றிக்கொள்வாள்; அதை நானோ மாமியோ ஒருநாளும் தடுக்கவில்லை.

அந்த ஆற்றங்கரைக் குடியிருப்பு இன்று இல்லை. அவர்களை நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள். மாமி தம் மகனோடு வெளிநாடு சென்றார். சில ஆண்டுகளில் கடிதம் நின்றது. அவர் பூண்டுக்கு எதிராகப் போரிட்ட அந்த இணையக் களமும் ஒருநாள் திறக்கவில்லை. எங்கள் மையம் இருந்த இடத்தில் கைப்பேசிக்கு உறை விற்கிறார்கள். காப்பிக்கொட்டை மணம் மட்டும் சில காலைகளில் வருகிறது.

மகேஸ்வரி சென்ற பொங்கலன்று பேசினாள். இப்போது ஒரு வார்டுக்கே பொறுப்பாளர். "பாஸ்வேர்டு அதேதான் சார். ஆனா போன்ல வெரல வச்சா தொறந்துடுது. அடிச்சே வருசக்கணக்காச்சு. மறந்துடுவேனோன்னு எப்பவாச்சும் வெறும் டேபிள்லயே அடிச்சுப் பாத்துக்குவேன்," என்றாள். அச்சொல் எதுவென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்பதும் முறையன்று.

இப்போது அவரவர் கருவி அவரவர் சட்டைப்பையில். உரியவர் விரலுக்கும் முகத்துக்கும் மட்டும் திறக்கிறது. வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் எழுந்துபோன நாற்காலியில், சூடு ஆறுமுன் இன்னொருவர் உட்கார்ந்து, அவர் விட்டுப்போன மொழியில் தன் வாழ்வைத் திறந்துகொள்வது இனி நடக்காது. மருமகளின் தண்ணீர் நோட்டீஸ் என் கடவுச்சொல்லைத் தடுத்தபோது எனக்கு வந்த சிரிப்பு அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இதை மகனின் மடிக்கணினியில் நானே அடித்தேன். முடித்ததும் ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டேன். விசைப்பலகையைத் துடைக்கவில்லை. இக்கோப்புக்குக் கடவுச்சொல் எதுவும் வைக்கவில்லை. தங்களிடம் பத்திரமாக வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.